பதினொரு முறை கழுவியவள்

வேதியியல் டீச்சர் ஆள் பார்த்து வேலை கொடுக்கிறாராம். ஆசிரியர் அறைக்கு வந்து சேர்வதற்குள் இந்தச் செய்திக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. குப்பை வண்டி ஓட்டுபவரின் மகள் சோதனைக்குழாய் கழுவத்தான் லாயக்கு என்று வகுப்பிலேயே சொன்னாராம். பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகப் போகிறாராம்.

டீச்சருக்குப் பகீரென்றது. பாகுபாடு கூடாது என்ற பயிற்சிக்கு மூன்று முறை போய், மூன்று சான்றிதழையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர் அவர்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்."

"சொல்லாம இருந்திருப்பீங்க," என்றார் கணக்கு வாத்தியார், டிபன் பாக்ஸை மூடியபடி. "செஞ்சீங்களான்னு பாருங்க. உங்ககிட்டதான் நோட்டு இருக்கே."

இருந்தது. ஆய்வக வகுப்பில் யார் பர்னர் பற்றவைத்தார்கள், யார் அளந்தார்கள், யார் கழுவினார்கள் என்று தேதிவாரியாக அவரே எழுதி வந்த நோட்டு. பதினான்கு வகுப்புகள். கழுவும் பத்தியில் அந்தப் பெண் பதினொரு முறை. பர்னர் பத்தியில் ஒருமுறைகூட இல்லை.

சுத்தமாகக் கழுவுவாள் என்றுதானே கொடுத்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். முதல் வகுப்பிலேயே அது எப்படித் தெரிந்தது என்று மனது திருப்பிக் கேட்டது. டீச்சர் நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் அதே நோட்டை வகுப்பில் வாசித்தார். "தப்பு என்னோடது. இனிமே வருகைப் பதிவு வரிசைப்படிதான் வேலை. இன்னைக்கு பர்னர் நீ."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அப்போ அந்தப் பதினொண்ணு?"

"அதை நான் கழுவறேன்."

அவள் பர்னர் அருகே போனாள். அவளுக்கு மூன்று தீக்குச்சி வீணானது. நான்காவதில் நீலச் சுடர் நின்றது.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார், நிரப்பிய விண்ணப்பம் சட்டைப்பையில். வெளியே எடுக்கவில்லை.

"போக மாட்டேங்குறா டீச்சர். திங்கக்கிழமை ஏதோ அளக்கணுமாம்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். இவளையா கழுவ விட்டீங்க? வீட்டுல குடிச்ச டம்ளரைக்கூட அலச மாட்டாளே."

டீச்சர் சிரித்த சிரிப்பில் ஒரு வாரப் பாரம் இறங்கியது.

இதுவரை எட்டு முறை கழுவிவிட்டார். ஒன்பதாவது செல்லாது என்கிறாள் அவள், குழாயில் மஞ்சள் கறை இருந்ததாம். ஆக, மூன்று பாக்கி.