கரண்ட் போவதற்காகக் காத்திருந்தவர்

பேனல், பேட்டரி, கரண்ட் மூன்றையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும் சோலார் இன்வெர்ட்டரை, நாலு மாடல்களை ஒப்பிட்டு வாங்கினேன். அதைப் பொருத்த கச்சிராயபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். காதில் பென்சில் வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் பெட்டியைத் தட்டிக்கொடுப்பார்.

“சீரியல் நடுவுல டிவி நின்னுச்சுன்னா, பெட்டியக் கழட்டிக்கினு போயிடுங்க,” என்றார் அம்மா, அவர் பொருத்தி முடித்ததும்.

“மெயின ஆஃப் பண்ணிப் பாத்துடலாமேண்ணா?” என்றேன்.

“அது நாமளா கொல்றதும்மா. கரண்ட்டு அதுவா சாவணும். அப்பதான் டெஸ்ட்டு.”

என்றவர், டிவியையே முறைத்தபடி உட்கார்ந்துவிட்டார். சீரியல் தடங்கலில்லாமல் முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “தெருவுக்கே கரண்ட்டு போயி அரமணி நேரமாவுது. உங்க வூட்ல மட்டும் இன்னா, டிவி ஓடிக்கினு இருக்குது?”

“பெட்டி இங்கியே இருக்கட்டும்,” என்றார் அம்மா.

பொருத்த வந்தவரின் முகம் மட்டும் வாடிவிட்டது. “போனதப் பாக்காம வுட்டுட்டேனேம்மா!”

கரண்ட் திரும்பி வந்து, மறுபடி போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.