ஆட்டைப் பிடித்த கை

காது குத்துகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று ராத்திரி அவர் நேரம் குறித்த நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை. எனக்குக் காட்டினார். ஏன் காட்டினார் என்றுதான் இப்போது வருத்தப்படுகிறேன்.

அவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் ஆறு வருடம் டாக்டராக இருந்துவிட்டு, முப்பத்துநாலு வயதில் லீவு போட்டு முதுகலை படிக்க வந்தவர். கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் இருபத்துநாலு, இருபத்தைந்து. முதல் நாளே மாமா ஆகிவிட்டார்.

அவருடைய ஆய்வு, ஆடுகளுக்கான ஒரு புது மருந்தைப் பற்றியது. ஆறு ஆட்டுக்கு ஊசி போட வேண்டும். அப்புறம் குறித்த குறித்த நேரத்தில் கழுத்திலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கத்தான். ஒரு தடவை ரத்தம் தவறினாலும் மொத்தக் கணக்கும் பாழ்.

போன முறை அப்படித்தான் பாழானது. விடியற்காலை நாலு மணி ரத்தத்தின்போது மாமா தூங்கிவிட்டார். அவருடைய கைடு ஒரு வார்த்தை திட்டவில்லை. நோட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது மீதி இருந்த மருந்து சரியாக ஆறு ஆட்டுக்குத்தான் வரும். லீவு முடிய இரண்டு மாதம். இந்த முறையும் போனால் பட்டம் இல்லாமல் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அன்று சாயங்காலம் அவர் மனைவி போனில் சொன்னார்.

"இந்தத் தடவையாவது முடிச்சிட்டு வாங்க. சின்னவன் உங்களை போனுக்குள்ள இருக்கற ஆளுன்னு நினைச்சிட்டிருக்கான்."

ஊசி போட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. ஆட்டுக்கு ஆடு மூன்று நிமிட இடைவெளி. அதனால் ரத்தம் எடுப்பதும் அதே இடைவெளியில்தான். முதல் ஆட்டுக்கு 10.00 என்றால் இரண்டாவதுக்கு 10.03. ஆறாவதுக்கு 10.15.

பிடிப்பதற்கு ஒரு கொட்டகை ஊழியர் இருந்தார். பிடியண்ணன் என்பார்கள். அவர் பிடித்தால் ஆடு மட்டுமில்லை, ஆட்டின் நிழல்கூட அசையாது. எட்டு மணி ரத்தம் வரைக்கும் எல்லாம் வெண்ணெயாகப் போனது. 9.20-க்கு அவருக்கு போன் வந்தது.

"டாக்டரே, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம்."

"கிளம்புங்கண்ணே. இதைப் போய்க் கேக்கணுமா?"

"ஒத்தை ஆளா எப்படிப் பிடிப்பீங்க?"

"நான் பாத்துக்கறேன். பேரனோட வாங்க."

வாய்தான் சொன்னது. விடுமுறை நாள். விடுதியில் ஈ காக்கை இல்லை. கொட்டகைக்குள் ஆறு ஆடு, ஒரு டியூப் லைட், ஒரு மேஜை, ஒரு ஐஸ் பெட்டி. அவ்வளவுதான்.

ஆட்டின் கழுத்தில் ரத்தம் எடுப்பது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தாடையைத் தூக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். கழுத்தின் அடியில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே நரம்பு கயிறு மாதிரி புடைக்கும். அதில் ஊசியை ஏற்ற வேண்டும். விரலை எடுத்தால் நரம்பு அமுங்கிவிடும். விரல் இல்லாமல் நரம்பு புடைக்காது.

பத்து மணி ரத்தம் நரகமாக இருந்தது. ஆட்டைச் சுவரோடு முட்டுக்கொடுத்து, முழங்காலால் நெருக்கி, ஒரு கையால் தாடை, ஒரு கையால் ஊசி. அழுத்த விரல் எங்கே? மூன்றாவது ஆடு துள்ளியதில் ஊசி வளைந்தது. ஐந்தாவது ஆடு அவர் கோட்டு முழுக்க ரத்தமாக்கியது. எப்படியோ ஆறு டியூப் நிரம்பியது. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் தாமதம். அன்று ராத்திரிக்கு இன்னும் மூன்று முறை இருந்தது. பன்னிரண்டு, இரண்டு, நாலு.

மாமா அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. காலிக் கொட்டகையைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

"யாராச்சும் வந்து கொஞ்சம் பிடிங்களேன்பா..."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

11.58.

ஆடுகள் அசை போடுவதை நிறுத்தின. ஒன்று நிறுத்தி அப்புறம் இன்னொன்று இல்லை. ஆறும் ஒரே நொடியில். அசை போடும் சத்தம் நின்ற பிறகுதான் அதுவரை அந்தச் சத்தம் இருந்ததே மாமாவுக்கு உறைத்தது.

12.00. முதல் ஆட்டிடம் போனார். அது தாடையைத் தூக்கி, தலையை இடது பக்கம் திருப்பி, சிலை மாதிரி நின்றது.

'பழகிடுச்சு போல' என்று நினைத்தார். ஊசி ஏறியது. டியூப் நிரம்பியது. இரண்டே விநாடி.

12.03. இரண்டாவது ஆடும் அப்படியே நின்றது.

12.06. மூன்றாவது. பத்து மணிக்குத் துள்ளிய அதே ஆடு. அழுத்துவதற்காகக் கட்டைவிரலைக் கொண்டு போனார். கை பாதியில் நின்றது.

நரம்பு ஏற்கெனவே புடைத்திருந்தது.

கழுத்தின் அடியில் ரோமம் ஓர் இடத்தில் மட்டும் உள்வாங்கியிருந்தது. ஒரு கட்டைவிரல் அளவுக்கு.

மாமா இமைக்காமல் பார்த்தார். நேரம் ஓடியது. 12.07 ஆகப் போகிறது. ஊசியை ஏற்றினார். ரத்தம் வந்தது. ஊசியை உருவினார். அந்தப் பள்ளம்... மெதுவாக... நிமிர்ந்தது. நரம்பு அமுங்கியது.

யாரோ விரலை எடுத்த மாதிரி.

ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "எங்கே ஓட? ஓடினா ரெண்டு வருஷம் போச்சு" என்றார். மற்ற மூன்று ஆட்டுக்கும் எடுத்தார். ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை. நோட்டில் இருக்கிறது.

1.40. கூடப் படிக்கும் பையன் ஒருவனுக்கு போன் போட்டார்.

"டேய், கொஞ்சம் கொட்டகைக்கு வாடா. பிடிக்க ஆள் இல்ல."

"மாமா, நான் வீட்டுக்கு வந்துட்டேன் மாமா. இனி காலைலதான் பஸ்ஸு."

"சரி விடு."

"என்ன மாமா, குரலு ஒரு மாதிரி இருக்கு? பயமா?"

"பயமா? எனக்கா? முட்ட வந்த எருமைக்கே ஊசி போட்டவன்டா நான்."

"அதானே. அப்புறம் பிடிக்க ஆள் இல்லைங்கறீங்க, யாரோ கூட இருக்காங்களே? பூட்ஸு போட்டு நடக்கற சத்தம் கேக்குதே."

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சளக்... சளக்... சளக்...

ஈரமான ரப்பர் பூட்ஸ், சிமெண்டுத் தரையில். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. நின்றது. திரும்பியது.

சளக்... சளக்...

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

போனின் உயிர் போய்விட்டது. சார்ஜர் விடுதியில்.

2.00. 2.03. 2.06. ஆறு ஆடும் தாடை தூக்கி நின்றன. ஆறு நரம்பும் தயாராகப் புடைத்திருந்தன. மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஊசி, டியூப், லேபிள். ஊசி, டியூப், லேபிள். தன் மூச்சு தவிர இன்னொரு மூச்சும் பக்கத்தில் கேட்டது. அதைக் கேட்காத மாதிரி இருந்தார்.

2.15-க்குக் கடைசி டியூப். வாய் தன்னால் சொன்னது.

"தேங்க்ஸ்."

அந்த இன்னொரு மூச்சு நின்றது.

அப்புறம் இரண்டு மணி நேரம் மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்.

4.00. முதல் ஆடு.

4.03. இரண்டாவது.

4.06... 4.09... 4.12...

4.15. ஆறாவது. அப்பாடா. முடிந்தது. டியூபை மூடி, ஸ்டாண்டில் வைக்கத் திரும்பினார்.

கழுத்தின் அடியில்... இடது பக்கம்... எதுவோ அழுத்தியது.

கட்டைவிரல்.

ஐஸ் மாதிரி.

திரும்ப முடியவில்லை. தாடை தன்னால் மேலே தூக்கியது. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது.

கழுத்தில் நரம்பு புடைப்பது தெரிந்தது.

ஜன்னலில் ஒரு வெளிச்சம். ராத்திரி ரோந்து வரும் வாட்ச்மேனின் டார்ச்! கத்தினார். சத்தம் வரவில்லை.

வெளிச்சம் அவர் முகத்தில் நின்றது.

ஒரு விநாடி.

இரண்டு விநாடி.

போய்விட்டது.

நினைவு வந்தபோது மணி 4.31. ஆடுகள் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தன. மாமா மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டாண்ட். டியூப்களை எண்ணினார்.

ஏழு.

இருப்பது ஆறு ஆடு. ஏழாவது டியூபிலும் லேபிள் ஒட்டியிருந்தது. எழுத்து அவருடையது போலவே இருந்தது. ஆட்டின் எண் இருக்க வேண்டிய இடம் காலி. நேரம் மட்டும் எழுதியிருந்தது. 4.18.

நோட்டைப் பார்த்தார். அதிலும் ஏழாவது வரி. அதே 4.18. அந்தப் பக்கத்தைத்தான் அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

காலை ஏழு மணிக்கு அந்த டியூபிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஆட்டின் சிவப்பணு ரொம்பச் சின்னது. புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம். மனிதனுடைய சிவப்பணு அந்த அளவுதான்.

கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தார். இடது பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் லேசாகக் கன்றிப் போயிருந்தது. சுத்தமாக ஏற்றிய ஊசி. அனுபவப்பட்ட கை.

அந்த டியூபைக் கொட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'இந்த முறையும் தூங்கிட்டீங்களா?' என்பார்கள். ஆய்வு செல்லாது என்பார்கள். பிடியண்ணன் பத்து மணிக்கு இனிப்போடு வந்தார். பேத்தி. மாமா சிரித்தார். அடுத்த சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி ரத்தத்தையும் எடுத்து முடித்தார்கள். ஆடுகள் பிடியண்ணனிடமும் திமிறின.

கணக்கு கனகச்சிதமாக வந்தது. கைடு அசந்துபோனார். "பன்னிரண்டு மணியிலேர்ந்து ஒரு நிமிஷம் பிசகல. எப்படிய்யா?" என்றார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. இதில் உள்ள வேலை எல்லாம் நானே செய்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். மாமா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிடித்தது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ரத்தம் எடுத்தது நான்தானே.

போட்டுவிட்டார்.

வாய்மொழித் தேர்வு முடிந்து, பாஸ் என்று சொல்லிவிட்ட நாள். மாமா வாசலுக்கு வந்தார். அங்கே அந்த ராத்திரி வாட்ச்மேன் நின்றிருந்தார். அன்றைக்கு மறுநாளே அவரை வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் பார்ப்பது இப்போதுதான்.

"பாஸாமே சார்! சந்தோசம். அந்த ரெண்டு பேரும் பாஸா?"

"எந்த ரெண்டு பேரு?"

"அதான் சார், அன்னைக்கு ராத்திரி கொட்டகையில உங்க வேலையைப் பாத்தாங்களே. ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ரத்தம் எடுக்க. முகம் தெரியல, குனிஞ்சே இருந்தாங்க. என்னா வேகம்!"

மாமாவின் கை தன்னால் கழுத்தின் இடது பக்கம் போனது.

"நான்... நான் எங்க இருந்தேன்?"

"நீங்களா?" வாட்ச்மேன் சிரித்தார். "நீங்க ஆடுங்களோட வரிசையில நின்னீங்க சார். ஆறாவது ஆட்டுக்குப் பக்கத்துல, சுவத்தைப் பாத்துக்கிட்டு. அலுப்புல நின்னுக்கிட்டே தூங்கறீங்கன்னு நினைச்சேன். பன்னெண்டு மணிக்கு வந்தப்பவும் அப்படித்தான். ரெண்டு மணிக்கும் அப்படித்தான். நாலு மணிக்கு வந்தப்ப, ஆட்டையெல்லாம் முடிச்சிட்டு ரெண்டு பேரும் உங்ககிட்ட வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"சரி, எழுப்பப் போறாங்கன்னு நான் போயிட்டேன் சார்."