ஜெமீலா டீச்சரின் கையோடு நின்றவை

செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில், வாட்ஸப் குழுவில், படத்தோடு வந்தது. தஞ்சாவூரில் ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டில், மூக்கில் குழாய், முக்காடு விலகிய தலை. கீழே, எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியை ஜெமீலா காலமானார் என்று இரண்டு வரி. உயிரோடு இருந்தபோது பார்க்கப் போன யாரோ எடுத்து வைத்திருந்த படம் அது. பன்னிரண்டு வருடம் அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். முக்காடு இல்லாமல் ஒருநாளும் அவரைப் பார்த்ததில்லை. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அரைமணி நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் வணிகவியல் நடத்துகிறேன். அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் டீச்சர்தான்.

சொந்த ஊர் நாகூர். கணவர் துபாயில். பள்ளிக்காக நீடாமங்கலத்தில் வாடகைக்கு இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று சொல்லிக் கொடுத்தார். போனைத் தொடாதே என்று நான் தினமும் சொல்வேன், அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏதாவது சிக்கல் என்று ஒரு பிள்ளை வந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். போனை மட்டும் கையில் வாங்க மாட்டார். "நீயே பிடிச்சுக்கம்மா, நீ காட்டுறதை மட்டும் நான் பார்க்கிறேன்" என்பார். எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், என்ன வந்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்வார். பிள்ளையின் பெயரை மட்டும் எழுத மாட்டார். இந்தக் காலத்தில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாரே, கணினி ஆசிரியையாம் என்று நான் ஆசிரியர் அறையில் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவர் வகுப்பில் ஒரு கேள்வி உண்டு. கேலிப் படம் ஒன்று சுற்றினால் யார் ஆரம்பித்தது என்று மற்றவர்கள் கேட்போம். அவர், "யார் கையோட நின்னுச்சு?" என்று கேட்பார். பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, வாய்க்காலில் மடையைத் திறப்பது ஒருவர்தான், ஆனால் தன் வயல் மடையை அடைக்க எல்லோராலும் முடியும், அதுதானே டீச்சர் என்றாளாம். கடற்கரைக்காரரான அவருக்கு மடை பற்றி அவ்வளவாகத் தெரியாது. என்னிடம் வந்து விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து எல்லா வகுப்பிலும் அதையே சொன்னார். சொன்னது அந்த மாணவி என்பதையும் சேர்த்தே சொல்வார்.

அந்த மாணவிக்குத்தான் அது நடந்தது. என் வகுப்புப் பெண். அப்பா குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்கிறவர், அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். சம்பா நடவு சமயத்தில், விடுமுறை நாளில், அவளும் அம்மாவோடு வயலில் இறங்கியிருக்கிறாள். முழங்கால் வரை சேறு, முகத்திலும் சேறு. வரப்பிலிருந்து யாரோ படம் எடுத்து, கீழே ஒரு வரி போட்டு, ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். வகுப்பு வாட்ஸப் குழுவில் அவள் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டால்கூட, பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வந்து விழும்.

ஒருநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுவந்த போனை எடுத்து என்னிடம் காட்டினாள். பள்ளிக்கு ஏன் போன் கொண்டுவந்தாய் என்று முதலில் திட்டினேன். பிறகு போனை அவள் கையிலிருந்து வாங்கி, அந்த ஸ்டிக்கரை எனக்கு அனுப்பிக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் குழுவில் போட்டேன். இதைச் செய்தது யார் என்று உடனே கண்டுபிடிக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. எங்கள் ஆசிரியர்கள் சிலருடைய பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படித்தார்கள். வீட்டுக்குப் போனால் போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை ஒரு வகுப்புக்குள் இருந்த படம், மறுநாள் காலையில் பள்ளி முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் வரவில்லை.

முதல் மணி அடிப்பதற்குள் ஜெமீலா டீச்சர் என்னைத் தேடி வந்தார். குழுவில் போட்டதை அழிக்கச் சொன்னார். நல்லதுக்குத்தானே போட்டேன் என்று நான் எகிறினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"செஞ்சவங்க ஒரு குரூப்ல போட்டாங்க. நீங்க இன்னொரு குரூப்ல போட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

படத்தை அழித்தேன். ஆனால் பத்து நாள் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அந்தப் பத்து நாளும் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே நான்தான் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் அவள் தோழி ஒருத்தி வந்து, குத்தாலத்தில் அத்தை வீட்டில் விடப்போகிறார்களாம், படிப்பு அவ்வளவுதானாம் என்றாள். அன்று மாலை நானே போய் ஜெமீலா டீச்சரைக் கூப்பிட்டேன். எதுவும் கேட்காமல் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே மூடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊரறிந்த விஷயம். அவர் ஸ்கூட்டியில், நான் பைக்கில், பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். செய்தவனைச் சும்மா விட மாட்டோம் என்று சொல்வேன் என்றேன்.

"அதை அவங்க கேக்கலையே சார். உங்க கையால நடந்ததை மட்டும் சொல்லுங்க. மிச்சம் எல்லாம் அப்புறம்."

கேட் திறந்தபோது திரும்பிப் போய்விடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அவள் வீட்டில், அம்மா அப்போதுதான் நடவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, படத்தைப் பரப்பியதில் என் கையும் உண்டு என்று சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண் வெளியே வந்தாள்.

"சார், அதைப் பார்த்தப்ப நீங்க சிரிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா. முதல்ல பார்த்ததும் லேசா சிரிப்பு வந்துச்சு" என்றேன்.

"நான் பார்த்தேன் சார்" என்றாள்.

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருட ஆசிரியப் பணியில் அவ்வளவு வெட்கி நான் நின்றதில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். டீச்சர் அவள் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, திங்கட்கிழமை முதல் மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தத் திங்கள் அவள் வரவில்லை. டீச்சர் செவ்வாயும் நின்றார், புதனும் நின்றார். வியாழக்கிழமை அப்பாவின் சைக்கிளில் அவள் வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஆசிரியர் அறையில் யாரும் கிண்டல் செய்யவில்லை. டீச்சர் மட்டும், "கையெழுத்து கொஞ்சம் புரியுற மாதிரி எழுதுங்க சார்" என்றார்.

ஸ்டிக்கர் செய்த பையன் தானாகவே டீச்சரிடம் போய் ஒப்புக்கொண்டதாகத் தெரியும். அவன் யார் என்று தலைமையாசிரியருக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் தெரியும். எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். அவனை நான் பார்க்கிற பார்வையே மாறிவிடும், அதிலேயே மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் அவனும் ஒருவன். நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தப் படம் மதியத்துக்குள் இன்னும் இரண்டு குழுக்களில் வந்துவிட்டது. குழுவில் போட்ட நண்பரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். கடைசியாக எல்லோரும் ஒருமுறை பார்க்கட்டும் என்றுதான் சார் போட்டேன் என்றார். நல்லதுக்குத்தான் போட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் சொன்னேன், அதனால் அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. நான் செய்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அழித்தார்.

நாகூரில் அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். துபாயிலிருந்து வந்திருந்த கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி நிறையச் சொல்வாள் என்றார். என்ன சொன்னார் என்று கேட்கப் பயமாக இருந்தது. கோபக்காரர், ஆனால் வீடு தேடிப் போய் உண்மையைச் சொன்னவர் என்று சொல்வாளாம். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வரும்போது, திருவாரூர் நிலையத்தில் ரயில் நின்றிருந்த சமயம், அந்தப் பெண் கூப்பிட்டாள். இப்போது தஞ்சாவூரில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள்.

"டீச்சர் போட்டோ எனக்கும் வந்துச்சு சார். என் கையோட நின்னுடுச்சு."

என் கையோடும் நின்றுவிட்டதம்மா என்றேன். டீச்சர் கற்றுக்கொடுத்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான். போனில் அந்தப் படம் இப்போது இல்லை. அவரை நினைத்தால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்றாம் நாளும் பள்ளி வாசலில் நின்ற ஜெமீலா டீச்சர்தான் கண்ணில் வருகிறார்.