பேச்சைப் பாதியில் விட்டு ஓடியவர்

பாகூர் ஆட்டக்காரர் இறந்துபோன செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்கிற கடை என்னுடையது. பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் அறுவடைக்குச் சாக்கு வாங்க வந்தார். விலை பேசி, அடித்துப் பேசி, கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கிளம்பும்போது சாவகாசமாகச் சொன்னார்: "உங்க ஆளு பூட்டாரே பாய், தெரியாதா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு கட்டையும் அவர் தலையில் போட்டிருப்பேன். வந்ததும் வராததுமாகச் சொல்ல வேண்டிய சேதி அல்லவா அது?

"உங்க ஆளு" என்றது கிண்டல். அவர் எங்கள் ஆள் இல்லை. பாகூர் கால்பந்து அணியில் முன்வரிசை நடுவில் நின்று கோல் போடுகிறவர். நான் வில்லியனூர் அணியில் கடைசி வரிசை, பேக். எனக்கு ஆட்டத்தில் ஒரே வேலைதான்: அவர் போகிற இடமெல்லாம் போவது. ஆட்டம் எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டால் சொல்வேன். பல வருஷம் நான் பந்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆள் குட்டை. நல்ல கறுப்பு. கரும்புக்கட்டு சுமந்து தோள் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். எங்களைப் போலவே வெறுங்கால்தான். பட்டணத்து அணிக்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் அவர்களுக்கு எதிராகவும் வெறுங்காலோடுதான் நிற்பார். பிரெஞ்சுக்காரர் திருநாளான ஜூலை பதினாலாம் தேதி ஆட்டத்துக்கு அவர் இறங்குகிறார் என்றால் அன்றைக்குப் பாகூர்க் கழனிகளில் வேலைக்கு ஆள் கிடைக்காது. பாகூரில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளே பந்தாடும்போது, "நான்தான் பாகூராரு", "இல்ல, நான்தான்" என்று அடித்துக்கொள்வார்கள். நானாக இருக்க ஒரு பயலும் முன்வந்ததில்லை.

அவர் கால் கெட்டிக்காரக் கால்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை ஏமாற்றியது கால் அல்ல, வாய். மைதானத்தில் இறங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கதை பேச ஆரம்பிப்பார். மழை, கரும்பு ஆலை, மாமியார் வீட்டு விருந்து, எது வேண்டுமானாலும். நல்ல இடத்துக்குக் கதையைக் கொண்டுவந்து, நான் காதைக் கொடுக்கிற நேரம் பார்த்து, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவார். நான் சுதாரிப்பதற்குள் பந்து உள்ளே போயிருக்கும்.

"ஏம்பலத்துல எம் மச்சான் கெணறு வெட்னான் பாய். வெட்டிக்கினே போனா, அடியில பாரு…" என்றார் ஒருமுறை. அவ்வளவுதான், கோல். அந்தக் கிணற்றின் அடியில் என்ன இருந்தது என்று நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "கெணத்துல இன்னாய்யா இருந்துச்சு?" "எந்தக் கெணறு?" என்று அவர் கேட்டார். எந்தக் கிணறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு கோல் விழுந்தது. நடுவராக இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய் முறையிட்டேன். பேசக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று பிரெஞ்சிலும் தமிழிலும் சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் அணித் தலைவர் எனக்குக் காதில் பஞ்சு வைத்துவிட்டார். பஞ்சு வைத்தால் சரியாகக் கேட்கவில்லையே என்று நானே பாகூரார் பக்கம் சாய்ந்து கேட்க ஆரம்பித்தேன். அதன் பிறகு பஞ்சையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் அதிகம் பிரயோகித்தது ஒரே ஒரு தொடக்கம். "எம் பொண்டாட்டி இருக்காளே பாய்…" என்பார். எனக்குக் கல்யாணமான புதிது. அடுத்தவன் வீட்டில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? ஒவ்வொரு தடவையும் காதைக் கொடுத்தேன், ஒவ்வொரு தடவையும் ஓடினார்.

பிறகு அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது, கழனி வேலையும் இருந்தது. அதற்கப்புறம் அவரை ஒரே ஒருமுறை திருக்கனூர்ச் சந்தையில் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தார். நான் பேசினேன், அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு நேரத்திலும் அவர் வாயிலிருந்து வந்தது "ஆமாம் பாய்", "வரேன் பாய்" இரண்டுதான். என்னோடு என்ன கோபமோ என்று வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாவுச் செய்தி கேட்ட மறுநாள் கடையை மூடிவிட்டு சைக்கிளில் கிளம்பினேன். வழியில் இங்கிலீஷ்காரர் எல்லைக்குள் புகுந்து மறுபடியும் நம் பிரெஞ்சு எல்லைக்கு வர வேண்டும். சுங்கச் சிப்பாய் என் பையைத் திறக்கச் சொன்னவர், எங்கே போகிறேன் என்று கேட்டதும் பையை விட்டுவிட்டார். "என்னா ஆளு! அவரு ஆட்டம் பாக்கவே ரெண்டு தபா லீவு போட்டேன்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு எதற்குப் பெருமை என்றுதான் தெரியவில்லை.

வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. பாகூர் ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து பழைய கோல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் என்னைத் தாண்டிப் போட்ட கோல்கள். என்னைக் கண்டதும் நாகரிகமாக நிறுத்திக்கொண்டார்கள். விஷ ஜுரம், படுத்த படுக்கையாக இருந்து போய்விட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார். அவரும் அந்த அணியில் ஆடியவர்தான். நான் துக்கம் விசாரித்துவிட்டு எழுந்தபோது, "அண்ணி உங்கள ஒரு வார்த்த கேக்கணும்னாங்க பாய்," என்று என்னைக் கதவருகே கூட்டிப்போனார்.

அந்த அம்மாள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"நீங்கதான் வில்லியனூர் பாயா? ஆட்டத்துல உங்ககிட்டதான் ஓயாம பேசிக்கினு இருப்பாராமே. கொழுந்தனாரு சொன்னாரு."

"ஆமாம்மா."

"என்கிட்ட பேசமாட்டாரு பாய். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாலு வார்த்த சேர்ந்தாப்ல பேசினதில்ல. சோறு போதுமான்னா தலய ஆட்டுவாரு. என்னப் புடிக்கலியோன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன். உங்ககிட்ட இன்னா பேசினாரு?"

மழையைப் பற்றிப் பேசியதைச் சொன்னேன். கரும்பு ஆலையைச் சொன்னேன். ஏம்பலத்து மச்சான் வெட்டிய கிணற்றையும் சொன்னேன்.

"எங்கண்ணன் ஏது பாய் கெணறு வெட்னான்? அவனுக்கு எல்லாம் ஏரிப் பாய்ச்சலாச்சே," என்றார் அந்த அம்மாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கிணறு இப்படி ஒரே வார்த்தையில் தூர்ந்துபோனது.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி உங்களைப் பற்றித்தான் ஆரம்பிப்பார், ஆனால் ஒரு தடவையும் முடித்ததில்லை, அது என்னை ஏமாற்றுவதற்காகச் சொன்னது என்று ஒரு துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? நான் வியாபாரி. பழைய சாக்கைப் புதுச் சாக்கு என்று விற்கத் தெரிந்த எனக்கு ஒரு நல்ல வார்த்தையைச் செய்துகொடுக்கத் தெரியாதா? வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கிணறே நிற்காத இடத்தில் என் பொய் எத்தனை நேரம் நிற்கும்?

அப்போதுதான் கரும்புக் காட்டில் பந்து விழுந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஏரிக்கரைப் பக்கத்து மைதானம். யாரோ ஓங்கி உதைத்ததில் பந்து பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது. ஆளாளுக்கு உள்ளே நுழைந்து தேடினார்கள். நானும் அவரும் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. அவர் நகராததால் நான் நகரவில்லை. அன்றைக்கும் வழக்கம்போல பொண்டாட்டி பேச்சையே ஆரம்பித்தார். பந்துதான் இல்லையே, ஓட வழியில்லை. அன்று ஒருநாள் பேச்சு முழுதாக வந்தது. ஏமாற்றாத பேச்சாக இருந்ததால் எனக்கு அது அத்தனை நாளும் மனசில் தங்கவில்லை போலிருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"'எம் பொண்டாட்டி இருக்காளே பாய், ஆட்டம் முடிஞ்சி வூட்டுக்குப் போனா மூஞ்சியக்கூட பாக்கமாட்டா. ஜெயிச்சியா தோத்தியான்னு கேக்கமாட்டா. கதவாண்ட நின்னு எங் கால் ரெண்டத்தான் பாப்பா. அடி கிடி படாம இருந்துச்சின்னா அப்பத்தான் அவளுக்கு உசுரு வரும். உள்ள போயி சோத்தப் போடுவா. அதுக்கோசரம்தான் பாய் நான் உங்கிட்ட மாட்டாம ஓடறது' அப்படின்னாரும்மா."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி பந்தலுக்குப் போய்விட்டார். எனக்குப் போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

"அது அவருக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில். "நான் பாக்கறது தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சிருக்கும்மா."

"ஜொரத்துல படுத்தப்பவும் தெனம் காத்தால போர்வைய வெலக்கி கால்தான் பாய் பாத்தேன். ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்திச்சி. அதனால பொழச்சிக்குவாருன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன்."