ராணி மிஸ் தானாகப் போகவில்லை

செய்தி வந்தபோது நான் வகுப்பில் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் பாஸ்கர். "சார், ராணி மிஸ் எறந்துட்டாங்க சார். மஞ்சக்காமால முத்திப் போச்சாம். சாயங்காலமே எடுக்குறாங்க" என்றான். போனை வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து நோட்ஸைச் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் கடலூர் பஸ் ஏறினேன். என்னைப் பற்றி உங்களுக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது ஒன்று போதும்.

பழைய மாணவர்கள் நீங்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். "நீங்கதான் சார் அவுங்ககூட ஜாஸ்தி வருசம் வேல பாத்தவரு" என்றீர்கள். உண்மைதான். சிதம்பரத்தில் அந்த மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் 2004இல் செல்வராணியும் நானும் ஒரே வாரத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். அவர் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அப்பா மீன்பிடி படகில் போகிறவர். எனக்குக் கீரப்பாளையம். ஓரிரு வருடத்தில் சென்னைக்குப் போய் சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் இரண்டு பேருக்கும் கனவு.

சென்டரில் பாடம் நடந்த விதம் உங்களுக்கே தெரியும். ஜெராக்ஸ் போட்ட 'மெட்டீரியல்' ஒன்று கொடுப்போம். அதில் இருக்கும் புரோகிராமைப் பார்த்து அப்படியே டைப் அடிப்பீர்கள், ஓடும், ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள். ஒரு கோர்ஸ் முடிந்ததும் அடுத்த கோர்ஸ். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் அந்தச் சுரைக்காயைத்தான் கூவிக் கூவி விற்றோம்.

ராணிக்கு அது பொறுக்கவில்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு மெஷினாகப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் ஒரு வரியை அழித்துவிடுவார். மாணவர்கள் வந்து, "மிஸ், இது ஓடல மிஸ்" என்று கத்துவார்கள். "நேத்து ஓடிச்சில்ல? இன்னிக்கி ஏன் ஓடலன்னு நீதான் எனக்குச் சொல்லணும்" என்பார். எரர் வந்தால் முகம் வெளுத்துப்போகிறவர்களிடம், "எந்த வரியில தப்புன்னு நம்பர் போட்டுச் சொல்லுது. எந்த மனுசன் நமக்கு இவ்ளோ பொறுமையா சொல்றான்?" என்று கேட்பார். பாஸ்கர் ஒருமுறை அழுதேவிட்டான். இன்றைக்கு அவன் பெங்களூரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறான்.

ஒரு நாள் என்னிடமும் வந்தார். "சார், அந்த மெட்டீரியலக் குப்புற வெச்சிட்டு ஒண்ணு எழுதுங்க பாப்போம்." விளையாட்டாகத்தான் சொன்னார். நான் எழுத உட்கார்ந்தேன். முதல் நான்கு வரி மனப்பாடமாக வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. தலை வலிக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கி எழுதலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அவர் கேட்கவே இல்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பிறகு சென்னையில் ஒரு கம்பெனிக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் அறுபது விழுக்காடு வேண்டும் என்பது அவர்கள் விதி. பன்னிரண்டாம் வகுப்பில் ராணிக்கு ஐம்பத்தெட்டு. எழுதத் தெரிந்தவரைக் கூப்பிடவில்லை, எழுபத்தெட்டு வாங்கியவனைக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெயர்ப் பட்டியலில் இரண்டு முறை வரும் பெயர்களை நீக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பட்டியல் என்றால் என்ன என்று விளக்கம் எழுதினேன். "டெஃபனிஷன் கேக்கல தம்பி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அதிகாரி. மறுநாள் ராணி, "என்ன சார் கேட்டாங்க?" என்றார். சொன்னேன். செய்தித்தாளின் ஓரத்தில் பத்து வரியில் எழுதிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. "இல்ல மிஸ், அவுங்க கேட்டது வேற மாதிரி" என்று பொய் சொன்னேன்.

இனி எழுதப் போவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

2008இல் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு பெண் படிக்க வந்தாள். அவள் அப்பா ரைஸ் மில்லில் வேலை. "உங்க வீட்ல எது தொந்தரவோ அதுக்கு எழுது" என்று ராணி சொல்லிவிட்டார். மில்லில் யார் நெல் முதலில் வந்தது, யாருடையது அடுத்து அவிப்பது என்று தினம் சண்டை வருமாம். அதற்கு ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். மெட்டீரியலில் இல்லாத வேலை. தப்பும் தவறுமாக இரண்டு மாதம் இழுத்தது. பணம் கட்டி அடுத்த கோர்ஸில் சேரவில்லையே என்று சென்டர் முதலாளிக்குக் கோபம். அந்த நேரம் பார்த்து வேறொரு பையனின் அப்பா வந்து, மெஷினெல்லாம் ரிப்பேர், எதுவும் ஓடவில்லை என்று சத்தம் போட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "யார்யா லைன அழிக்கிறது?" என்று கேட்டார். அது ரிப்பேர் இல்லை, பாடம் என்று நான் சொல்லியிருக்கலாம். "ராணி மிஸ்தான் சார். நானும் பல தடவ சொல்லிப் பாத்துட்டேன்" என்றேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அந்தக் காட்டுமன்னார்கோயில் பொண்ணு இன்னும் முடிக்கல சார். கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். அந்த வாரமே அவளை அடுத்த கோர்ஸில் சேர்த்தேன். அவளிடம் இன்று மூன்று சான்றிதழ்கள் இருக்கின்றன. மில் புரோகிராம் முடியவே இல்லை. உங்களிடம், மிஸ்ஸுக்குக் கல்யாணம், அதனால் நின்றுவிட்டார் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். எழுதிய கை என்னுடையது.

அதற்குப் பிறகு முதுநகரில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சாவு வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே பாஸ்கர் என் பக்கத்தில் நின்று அவர் அம்மாவிடம், "மிஸ்ஸோட வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஏதுப்பா கல்யாணம்? யாரு சொன்னா உனுக்கு?" பாஸ்கர் என் பக்கம் திரும்பினான். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவனைப் போல வெளியே போய்விட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதை வைத்திருக்கிறோம் என்று சொன்னீர்கள். தைரியம் என்றான் ஒருவன். பொறுமை என்றாள் ஒருத்தி. என் முறை வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். உங்களில் பலர் கண் கலங்கினீர்கள். தொண்டை அடைக்கவில்லை. சென்டரை விட்டு அவர் போன மறுநாளே, அவர் இருந்த சீனியர் ஆசிரியர் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். இன்று வரை அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய வேலை.