சம்பத் மாற்றிய சைலன்சர்

ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா? கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்களெல்லாம் மாருதி வாங்கியபோது, சம்பத் மட்டும் மாமல்லபுரத்தில் யார் வீட்டுக் கொல்லையிலோ கோழி அடைந்துகொண்டிருந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். மனைவி ஞானம்பாள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து, “வாடி சக்களத்தி, வலது காலை எடுத்து வெச்சு வா” என்றாள். அக்கம்பக்கமே சிரித்தது.

சக்களத்திக்கு ஓயாத வியாதி சைலன்சர். கடலோரத்து உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடுமா? ஓட்டை விழும், அடைப்பார், மறுபடியும் விழும். தொண்ணூற்றொன்பதில் அது அரித்தே போய், கார் திரும்பினால் டவுன்ஷிப்பே அதிர்ந்தது. “மெட்ராஸ் காலேஜ்ல இருக்கிற நம்ம பொண்ணு பிரதீபாவுக்கும் கேட்டிருக்கும்” என்பாள் ஞானம்பாள்.

அந்த வருஷம்தான் ஞானம்பாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முற்றிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். “முடிஞ்ச வரைக்கும் தூங்க விடுங்க” என்றார் டாக்டர், அவ்வளவுதான். பகலில் பக்கத்து வீட்டுப் பிரபாவதி அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் சம்பத் வீட்டுக்குள் நுழையும்போது ஞானம்பாள் தலை வாரி, சாந்துப் பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். “இன்னிக்கு வலியே இல்லீங்க” என்பாள். மனுஷர் நம்பினார். நம்பினால்தானே மறுநாள் வேலைக்குப் போக முடியும்?

ஆனால் இந்தப் பாழாய்ப்போன சத்தம் அவளைத் தூங்க விடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆபீஸ் பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் ஒரு அவசரம் என்றால் ஓடி வர வண்டி வேண்டாமா? செங்கல்பட்டு மெக்கானிக் வரதனிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஒரிஜினல் கெடைக்காது சார். ரெண்டு வழி கீது” என்றான் வரதன். “இந்த நேர் பைப்பைப் போட்டா வண்டி கெத்தா உறுமும். அம்பாசடர் சைலன்சரை வெட்டி வெல்டு வெச்சா சத்தமே வராது. ஆனா இழுவை கொறையும்.”

வேறு நாளாக இருந்தால் அம்பாசடர் என்ற பேச்சுக்கே சம்பத் சண்டைக்குப் போயிருப்பார். அன்றைக்கு, “அம்பாசடரே வை வரதா” என்றார்.

“இன்னா சார், சிங்கத்துக்குப் பூனைத் தொண்டைய வெக்கச் சொல்றியே!”

மறுநாள் சாயங்காலம் கார் சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. பரம திருப்தியோடு சம்பத் வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே யாரோ முனகுவது கேட்டது.

ஞானம்பாள் கட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். புடவைத் தலைப்பு பல்லுக்கு நடுவில். தலை அவிழ்ந்து, நெற்றி வெறுமையாக. அவரைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஏங்க, வண்டி என்னாச்சு? சத்தமே கேக்கலையே!”

அவர் தூக்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“போஸ்டாபீஸ் முக்குல நீங்க திரும்பறப்பவே எனக்குக் கேட்டுடும். எழுந்து தலை வாரி, பொட்டு வெச்சு உக்காந்துடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிட்டீங்களே!”

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லக் கூடாதாடி?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க.”

தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சம்பத் அழுதார். இனிமேல் மறைக்காதே என்று அவளைக் கட்டாயப்படுத்தியிருக்கலாம். ஆனால் தன் கையால் செய்ய என்று அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் பறிக்க அவருக்கு மனசு வரவில்லை. மறுநாளே வரதன் முன்னால் போய் நின்றார்.

“அந்த நேர் பைப்பைப் போடு.”

“வெளையாடுறியா சார்? முந்தாநேத்து தான சத்தம் வாணான்ன?”

“வேணும் வரதா. நல்லா வேணும்.”

அன்றிலிருந்து போஸ்டாபீஸ் முக்கில் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். டவுன்ஷிப் வைதால் வையட்டும். காரை நிறுத்திவிட்டு, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். துடைத்து முடித்து உள்ளே போனால் அவள் நாற்காலியில் இருப்பாள். பொட்டு ஒரு நாள் கோணலாக இருக்கும், ஒரு நாள் புருவத்துக்கே இறங்கியிருக்கும். “வலியே இல்லீங்க” என்பாள். “அப்படியா, சந்தோஷம்” என்பார். இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் அப்படித்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறதே, நேரம் பிடிக்குமே என்று இன்னொரு தடவையும் துடைத்தார். பிரபாவதி வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அண்ணா, சீக்கிரம் வாங்க! வண்டி சத்தம் கேட்டு எழுந்து உக்காந்தாங்க, பொட்டு வெச்சாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க!”

துணியைக் கூடக் கீழே போடத் தோன்றாமல் உள்ளே ஓடினார். கூப்பிட்டுப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார். ஞானம்பாள் போய்விட்டிருந்தாள். நெற்றியில் சாந்து இன்னும் காயவில்லை.