பனியனைக் கழற்ற ஆறு வாரம்

மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் பெயர், வயது, முகவரி வரை என் பேனா நன்றாகத்தான் ஓடியது. 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் பதினான்கு வருடமாகப் பாலியல் தொழில் செய்கிறவன். வாடிக்கையாளர்கள் ஆண்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை போனில் கூப்பிட்டால் போகிறவன், எதைப் பேசவும் வாய் கூசாதவன் என்று பெயரெடுத்தவன். அந்த ஒரு விரற்கடைக் கட்டத்துக்குள் 'டேட்டா என்ட்ரி' என்று எழுதினேன். கம்ப்யூட்டரில் எதை அமுக்கினால் உயிர் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையே அந்தப் பொய்யைப் பற்றியதுதான். என்னைப் போல, உடம்பை வைத்துப் பிழைத்துக்கொண்டே அந்த உடம்பில் கத்தி வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

எனக்கு இருந்தது கைனகோமாஸ்டியா (ஆணுக்கு மார்புச் சுரப்பி வளர்ந்து மார்பு பருத்துவிடுவது). உயிருக்கு ஆபத்தில்லை. பதினைந்து வயதில் வந்து, பிறகு நான் இளைத்தபோதும் தான் இளைக்காமல், வாடகை தராத சொந்தக்காரன் போலக் கூடவே தங்கிவிட்டது. காசிமேட்டில் என் வயதுப் பையன்கள் சட்டையை வீசிவிட்டுக் கடலில் குதிப்பார்கள். நான் சட்டையோடு குதித்து, சட்டையோடு வீட்டுக்கு வந்து, சட்டையோடு உதை வாங்குவேன்.

தொழிலிலும் அதே கதை. விளக்கை அணைப்பேன்; பனியனைக் கழற்ற மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் எனக்கு 'பனியன் சேகர்' என்றே பெயர். உடம்பைக் காட்டிப் பிழைக்கிற இடத்தில் அதை மறைத்தே பதினான்கு வருடம் ஓட்டிய சாதனை வேறு யாருக்கும் இருக்காது.

முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோது முடிவெடுத்தேன். இனிமேல் வேலை செய்தால் விளக்கு எரிய, வெற்று மார்போடு. இல்லையென்றால் வேறு வேலை. வேறு வேலை எதுவும் தெரியாததால் டாக்டரிடம் போனேன்.

அவர் ஒரு பெண் பிளாஸ்டிக் சர்ஜன். ரத்தம், ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் பார்த்தார். லைப்போசக்‌ஷன் (சிறு துளை வழியாகக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்து, காம்பின் ஓரத்தில் கீறிச் சுரப்பியையும் எடுத்தார். மயக்கம் தெளிந்தபோது இரண்டு பக்கமும் டிரெயின் (காயத்தில் கசியும் நீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்) தொங்கியது. அதற்கு மேல், ஆறு வாரம் போட வேண்டிய இறுக்கச் சட்டை.

கூட இருந்தவன் ஜாகிர். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறான். என் தொழில் தெரிந்த ஒரே தோஸ்து.

"இன்னா மாமு, பொம்பளைங்க ஜாக்கெட்டுக்குக்கூட நான் இவ்ளோ டைட்டா அளவு வெச்சதில்ல. மூச்சு கீதா?"

"கீது. பாதிதான் உள்ள போவுது."

"மீதியை வெளியவே வெச்சுக்க. வூட்டுக்குப் போய் வுட்டுக்கலாம்."

தண்டையார்பேட்டைக் குடியிருப்பில் என் வீடு மூன்றாவது மாடி. இறுக்கச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்ட முதல் நாளே எதிர்வீட்டு லட்சுமி அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னா சேகரு, போலீஸ்ல சேந்துட்டியா? குண்டு துளைக்காத சட்டை மாதிரி கீது?"

"முதுகு வலிக்கா. அதுக்குப் பெல்ட்டு."

"முதுகு வலிக்கு ஏம்ப்பா முன்னாடி கொக்கி?"

கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பொய் சொல்வதில் நான் எவ்வளவு மட்டம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் தையலைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "டேட்டா என்ட்ரிதானே? திங்கட்கிழமைலேருந்து போகலாம். ஆறு வாரம் பாரம் மட்டும் தூக்காதீங்க."

பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று சந்தோஷமாகக் கிளம்பினேன். பாரம் என் மேல் விழுமே என்பது மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை மதியம் திருவொற்றியூரில் ஒரு வாடிக்கையாளர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆளே கிரேன் மாதிரிதான் இருப்பார். விளக்கை அணைத்தேன். இறுக்கச் சட்டைக்கு மேல் பனியன். என் சபதமெல்லாம் வீட்டிலேயே இருந்தது. அவர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. வழக்கம்போல் என் மேல் சாய்ந்தார். திரும்பி வருகையில் ஷேர் ஆட்டோவிலேயே வலது பக்கம் பன் ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. ஜாகிருக்கு போன் போட்டேன்.

"மாமு, ஒண்ணு திரும்பி வந்துட்ச்சுடா."

"இன்னாது வந்துட்ச்சு?"

"எடுத்தது."

ஹீமடோமா (தோலுக்கடியில் ரத்தம் தேங்கிக் கட்டிக்கொள்வது). அன்றே வலது பக்கத்தைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் மேல் தோலே கெட்டுப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சேகர், கீபோர்டு தட்டினா இப்படி ஆகாது. உண்மையில என்ன வேலை பண்றீங்க?"

ஜாகிர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். எனக்குப் பதில் சொல்ல மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன. மூன்றையும் ஓரமாக வைத்தேன்.

"செக்ஸ் ஒர்க், மேடம்."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. என் கோப்பைத் திறந்து 'டேட்டா என்ட்ரி'யை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். "அப்போ நான் சொன்ன தேதி உங்களுக்கு இல்ல. வேற யாருக்கோ சொன்னது. இப்ப உங்களுக்குச் சொல்றேன். உங்க மேல எடை விழுமா? கையை ஊன்றுவீங்களா? மார்பைப் பிடிப்பாங்களா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?"

பதினான்கு வருடத்தில் என்னை யாரும் பேச்சால் வெட்கப்பட வைத்ததில்லை. அன்று காது இரண்டும் சுட்டது. "நான் போய் டீ குடிச்சுட்டு வரேன்" என்று ஜாகிர் ஓடிவிட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி சொன்னார். காயம் முழுதாக மூடும்வரை அங்கே யார் கையும் வாயும் படக் கூடாது. கையை ஊன்றுவது நாலு வாரத்துக்குப் பிறகு. மார்பில் எடை, ஆறு வாரத்துக்குப் பிறகு. கணக்கு இன்றிலிருந்து.

வாழ்க்கையில் முதல் முறையாக என் வேலைக்கென்றே ஒருவர் லீவு கொடுத்தார்.

அந்த ஆறு வாரமும் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி மாதிரிக் கிடந்தேன். முன்பு என் பொழுது போன் மணியில் நகர்ந்தது. இப்போது சட்டையின் கொக்கியில் நகர்ந்தது: முதல் வாரம் கடைசி வரிசைக் கொக்கி, வீக்கம் வடிய வடிய அடுத்த வரிசை. வேர்க்குருவோடு சண்டை போட்டேன். கூப்பிட்டவர்களிடம் லீவு என்றேன்.

ஆறு வாரம் முடிந்து முதலில் வந்தவர், எட்டு வருடமாக என் வீட்டுக்கே வருகிற ஒரு கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். மதியம். ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப் லைட்டைப் போட்டேன். விதிமுறைகளைச் சொன்னேன்: மேலே படுக்க வேண்டாம், வலது பக்கம் அழுத்த வேண்டாம், வலித்தால் நிறுத்துவேன்.

"இன்னாப்பா, சரக்குப் பெட்டி மாதிரி பேசற? 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அம்புக்குறி போட்டுகீதா?"

"கீதுண்ணே. ஆனா வலது பக்கத்துல மை கொஞ்சம் காயல."

பனியனைக் கழற்றினேன். அவர் குனிந்து தழும்பைப் பார்த்தார்.

"எட்டு வருசமா இதையா மறைச்ச?"

"இது இல்லண்ணே. இதுக்கு முன்னாடி இருந்தது."

"அதுதான் தெரியுமேப்பா. பனியன் இன்னா இரும்புத் தகடா?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பின்ன? பனியனைப் பாக்கவா வந்தேன்?"

தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன். ஆபரேஷன் வீண்தானா என்று நீங்கள் கேட்கலாம். அவருக்காக என்றால் வீண்தான். நான் செய்துகொண்டது கண்ணாடி முன் நின்றவனுக்காக.

அவர் மெல்லக் கையை வைத்தார். இடது பக்கம் தெரிந்தது. வலது பக்கம் வைத்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நரம்பு திரும்ப மாதக்கணக்காகும், சில இடத்தில் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மின்விசிறிக் காற்று இறங்கியது. இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க என் வெற்று மார்பில் காற்றுப் படுவது அதுதான் முதல் தடவை. இடது பக்கம் குளிர்ந்தது. வலது பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

மெதுவாக வரட்டும். வருகிற வரை விளக்கு எரியும்.